திண்ணையில் ஒரு வேதியியல் வகுப்பு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தென்காசியில் எங்கள் வீட்டு முன் நடையில் ஒரு கண்ணாடித் தம்ளர் விரிசல் விட்டது. உடைத்தது நான்தான். பெயின்ட் கடையில் வாங்கிவந்த கல் சுண்ணாம்பு இரண்டு துண்டை அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அரை நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உஸ்ஸென்று ஆவி கிளம்பி, தண்ணீர் கொதித்து, 'டிக்' என்று ஒரு சத்தம். சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பிள்ளைகளும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

நல்லவேளை, எல்லோரும் தள்ளித்தான் இருந்தார்கள். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் விளையாட்டு இல்லை, பார்வையே போகலாம். அன்றிலிருந்து எவர்சில்வர் பாத்திரம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் என்று மூன்று விதிகள் போட்டிருக்கிறேன். முன்னாலேயே போட்டிருக்க வேண்டும்.

நான் சொல்லவந்தது தம்ளரைப் பற்றி இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பிறகு நடந்த ஒரு பேச்சைப் பற்றி.

இந்த ஐந்து பேரும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிறவர்கள். ஒரு குடும்பம் சென்னை வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் விவசாயம் பார்க்க வந்தது. இன்னொரு வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. காரணம் வீட்டுக்கு வீடு வேறு. கணக்கும் மொழியும் பெற்றோரே பார்த்துக்கொள்கிறார்கள். வேதியியல் என்றதும் எல்லோருக்கும் ஒரு தயக்கம். "நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்கதானே சார், வாரத்துல ஒரு நாள் சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள். அப்படித் தொடங்கியது.

தம்ளர் விரிந்ததும், "இதுக்கு என்ன பேரு தெரியுமா?" என்று கேட்டேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற 'வெப்ப உமிழ் வினை' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருந்தேன். பதின்மூன்று வயசுப் பெண் ஒருத்தி, வகுப்பில் அவ்வளவாக வாய் திறக்காதவள், மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஆச்சி இத 'நீறுது'ன்னு சொல்லுவாங்க சார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க முந்தின நாளே பானையில போட்டு வைப்பாங்க. நல்லா நீறினாத்தான் சுவத்துல ஒட்டும்பாங்க."

அவளுக்கு அந்த வினையின் பெயர் மட்டுமல்ல, அதன் பயனும், சரியாக முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டாள். அவளுடைய அப்பா முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்: "சார், இங்கிலீஷ்லயே நடத்துங்க. நாளைக்கு காலேஜுன்னு போனா தமிழ்ல படிச்சு என்ன செய்யும்?"

அவர் பயம் பொய்யில்லை. நானும் கல்லூரி முதல் வருஷம் முழுக்கப் பேந்தப் பேந்த விழித்தவன்தான். ஆனால் 'நீறுது' என்ற சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு அவளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பது எப்படி? அந்த வாரம் முழுவதும் இதே யோசனை. வழக்கம்போலப் பழைய புத்தகங்களைப் புரட்ட உட்கார்ந்தேன். அதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

வீட்டுக்குள் வேதியியல் என்பது ஏதோ இப்போது வந்த பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. 1806இல் லண்டனில், வேதியியல் உரையாடல்கள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் வந்தது. ஆசிரியர் பெயர் போடவில்லை. எழுதியவர் ஜேன் மார்செட். வீட்டிலேயே கல்வி கற்ற பெண்மணி. ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். முதலில் சரியாகப் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தவர்களோடு பேசிப் பேசித் தெளிந்துகொண்டார். அந்தப் பேச்சையே புத்தகத்தின் வடிவமாக்கினார். திருமதி பி. என்ற ஆசிரியை, கரோலின், எமிலி என்று இரண்டே மாணவிகள். அவர்கள் கேட்கிறார்கள், இவர் செய்துகாட்டிச் சொல்கிறார். புத்தகம் பதிப்பு மேல் பதிப்பாக ஓடியது.

அதைப் படித்தவர்களில் ஒருவன் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகிய பையன். கொல்லர் மகன், பள்ளிப் படிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்து அறிவியலுக்குள் வந்தவன். பெயர் மைக்கேல் ஃபாரடே. பிற்காலத்தில் புகழின் உச்சியில் இருந்தபோதும், தன்னை வேதியியலுக்குள் அழைத்து வந்தவர் மார்செட் அம்மையார் என்று நன்றியோடு சொன்னவர். 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் பிள்ளைகளுக்கு ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவுகள் செய்தார். எரிவது என்றால் என்ன, காற்றில் என்ன இருக்கிறது, நாம் மூச்சுவிடுவதும் மெழுகுவத்தி எரிவதும் எப்படி ஒரே கதை என்று அந்த ஒரு மெழுகுவத்தியிலிருந்தே கொண்டுபோனார். வீட்டில் இருக்கிற ஒரு சாமானை எடுத்துக்கொண்டு அதை விடாமல் கேள்வி கேட்பது என்ற முறைக்கு இது பெரிய உதாரணம்.

சரி, அது இங்கிலாந்து. அவர்களுக்கு மொழிப் பிரச்சினை கிடையாது. நம்ம கதைக்கு வருவோம்.

தமிழில் வேதியியலை முறையாகச் சொல்லிக்கொடுக்க முனைந்தவர்களைத் தேடினால், முதலில் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் ஊர்க்காரரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்தார். சிறு சிறு குழுக்களாக உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பித்தார். மொத்தத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வெளியே வந்தார்கள். ஒரு வகுப்பு என்றால் விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தான்.

முதலில் ஆங்கிலத்தில்தான் நடத்தினார். 1860களின் நடுவில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு வைத்தியர் மிஞ்சுவதில்லை என்பது அவருக்கு உறுத்தியது. தமிழில் நடத்த வேண்டுமென்றால் தமிழில் புத்தகம் வேண்டும். அவரும் அவருடைய மாணவர்களுமாக உட்கார்ந்து உடற்கூறு, அறுவை, பிரசவம் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் கொண்டுவந்தார்கள். அந்த வரிசையில் 1875இல் வந்த வேதியியல் நூல்தான் 'கெமிஸ்தம்'.

பெயரைக் கவனியுங்கள். கெமிஸ்ட்ரி என்பதை அப்படியே வைக்கவும் இல்லை, இரசாயனம் என்று மாற்றவும் இல்லை. தமிழ்ச் சொல்லின் காதுக்கு ஒத்துவருகிற மாதிரி வாலை மட்டும் மாற்றிக் 'கெமிஸ்தம்' ஆக்கிவிட்டார்கள். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வகுப்பில் சொன்னேன், பிள்ளைகளும் சிரித்தார்கள். இப்போது "சார், இன்னிக்குக் கெமிஸ்தம் உண்டா?" என்றுதான் கேட்கிறார்கள்!

அந்தப் புத்தகம் அச்சானது யாழ்ப்பாணத்தில் இல்லை, நாகர்கோவிலில். எங்கள் ஊரிலிருந்து அரைநாள் பயணம். மானிப்பாயில் பிறந்த பாடம் அச்சேறியது நம் பக்கத்தில் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். கிரீன் அதற்கு இரண்டு வருஷம் முன்பே அமெரிக்கா திரும்பிவிட்டார். அங்கிருந்தபடியே தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். 1884இல் இறந்தார்.

ஆனால் கிரீனுடைய கதை எனக்கு முழு ஆறுதல் தரவில்லை. தமிழில் படித்தவர்கள் ஊருக்கு உபயோகமானார்கள். உத்தியோகம் ஆங்கிலம் படித்தவர்களுக்கே என்ற நிலை மாறவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா கேட்ட கேள்விதான் இது. நூற்றைம்பது வருஷமாக அப்படியே நிற்கிறது.

அடுத்த கட்டம் சேலம். 1916இல் அங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி, வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைக்காக ஒரு கழகம் தொடங்கினார். அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்களைத் திரட்டுவதும் ஆக்குவதும் வேலை. வேதியியலில் இது மற்ற பாடங்களைவிடச் சிக்கல். தனிமங்களுக்குத் தமிழ்ப்பெயர் வைப்பதா, அப்படியே எடுத்துக்கொள்வதா? பெயரைத் தமிழாக்கினால் குறியீட்டை என்ன செய்வது? ஹெச்-டூ-ஓ என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஜப்பான்காரனுக்கும் ரஷ்யாக்காரனுக்கும் புரியுமா? இந்தக் கேள்விகளுக்கு இன்றுவரை எல்லோரும் ஒத்துக்கொள்கிற பதில் கிடையாது. நாம் ஆக்சிஜன் என்கிறோம், இலங்கைப் பாடப்புத்தகம் ஒட்சிசன் என்கிறது, ஆச்சிமார் பிராணவாயு என்பார்கள், தனித்தமிழ்க்காரர் உயிர்வளி என்பார். நாலும் ஒன்றுதான்.

அதற்கப்புறம் வேலை திருநெல்வேலிக்கு வந்தது. 1934இல் இங்கே தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் வேலையைக் கையில் எடுத்தது. அதில் இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பு பெரிது. 1936இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சொல்லாக்க மாநாடு கூடியது. 1938இல் 'கலைச்சொற்கள்' என்ற தொகுப்பு சுமார் 10,000 சொற்களோடு வெளிவந்தது. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் விபுலாநந்த அடிகள்.

விபுலாநந்தர் என்றால் நமக்கு 'யாழ் நூல்' ஞாபகம் வரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் என்று ஞாபகம் வரும். அவர் துறவியாவதற்கு முன் மயில்வாகனன் என்ற பெயரில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர், லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டம் வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1920இல் அவர் தலைமையாசிரியராகப் போன பள்ளிக்கூடம் எது தெரியுமா? மானிப்பாய் இந்துக் கல்லூரி. கிரீன் தமிழில் வேதியியல் நடத்திய அதே மானிப்பாய்! திட்டமிட்டு நடந்ததல்ல, தற்செயல்தான். ஆனாலும் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனி குற்றாலம். அறநிலையத் துறை ஆணையர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கேதான். 1954இல் இங்கேயே காலமானார். கம்பனுக்காகவே பேசப்படுகிற மனுஷர். ஆனால் தமிழனுக்குக் கல்வி தமிழில்தான் இருக்க வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவரும் அவரே. தாய்மொழியில் படித்தால்தான் பிள்ளைக்கு அனுபவமாகும், இல்லாவிட்டால் வெறும் மனப்பாடம் என்பது அவர் கட்சி. அவர் வீட்டுக்குச் சாரல் காலத்தில் வந்து தங்கிப்போன நண்பர்களில் கல்கி உண்டு, ராஜாஜி உண்டு.

அந்த ராஜாஜி பிற்பாடு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பெயர் 'திண்ணை ரசாயனம்'. சேலத்தில் சொல் திரட்டியவர், கடைசியில் தானே உட்கார்ந்து பாடம் எழுதிவிட்டார். அந்தத் தலைப்பில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. திண்ணை என்பது வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிற இடம். பாதி வீடு, பாதி பொது. வழிப்போக்கன் உட்காரலாம், பெரியவர் பேப்பர் படிக்கலாம், பிள்ளைகள் எண்சுவடி ஒப்பிக்கலாம். நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கணக்கும் எழுத்தும் இருந்தன, ரசாயனம் இல்லை. ராஜாஜி அதை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்தார்.

இன்னொன்றையும் கவனித்தேன். ராஜாஜி வக்கீல். டி.கே.சி. சட்டம் படித்தவர். தமிழில் அறிவியலை வாழ்நாள் முழுக்க எழுதிய பெ.நா. அப்புசாமி, நம்ம திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்துக்காரர், அவரும் வக்கீல். என்ன இது, அத்தனை பேரும் வக்கீல்கள்? யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்தக் காலத்தில் கோர்ட்டு நடப்பது இங்கிலீஷில். கட்சிக்காரனுக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். நிலத்தைப் பறிகொடுக்க இருக்கிறவனிடம் சட்டத்தை அவனுக்குப் புரிகிற தமிழில் சொல்லியாக வேண்டும். தப்பாகப் புரிந்துகொண்டால் கேஸே போய்விடும். ஒரு மொழியில் இருக்கிற கறாரான விஷயத்தை இன்னொரு மொழியில் கறார் குறையாமல் சொல்வது அவர்களுக்கு அன்றாடத் தொழில். இது என் ஊகம்தான். ஆனால் நான் வகுப்பில் செய்ய வேண்டியதும் இதே வேலை என்று புரிந்தது.

இவர்கள் எல்லோரையும் படித்துவிட்டுத் திரும்பவும் 'நீறுது' என்ற சொல்லுக்கு வந்தேன். எந்தக் குழுவும் கூடி ஆக்கிய சொல் இல்லை அது. சுண்ணாம்புக் காளவாசலில் கல்லைச் சுட்டவர்கள், சுவர் பூசிய கொத்தனார்கள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு குழைத்த ஆச்சிகள் வைத்திருந்தது. பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்தேன்: 'சுட்ட சுண்ணாம்பு', 'நீற்றிய சுண்ணாம்பு' என்றே போட்டிருக்கிறது. காளவாசல் சொல்லைப் பாடப்புத்தகம் வாங்கிக்கொண்டிருக்கிறது. நாம்தான் அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 'வேதியியல்' என்ற சொல்லும் அப்படித்தான். வேதத்தோடு தொடர்பு என்று பலர் நினைக்கிறார்கள். பழைய தமிழில் 'வேதித்தல்' என்றால் ஒன்றை வேறொன்றாக மாற்றுவது, ரசவாதிகளின் சொல். செம்பைப் பொன்னாக்கப் பார்த்தவர்கள் வைத்திருந்தது.

அடுத்த வகுப்புக்குச் சுண்ணாம்பையே பாடமாக்கினேன். கிட்டத்தட்ட 900 டிகிரி சூட்டில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது; மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் சூட்டை உமிழ்ந்துகொண்டு நீறுகிறது. நீறின சுண்ணாம்பைச் சுவரில் அடித்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கிக்கொண்டு திரும்பவும் கல்லாகிறது. சுவரில் இருக்கிற வெள்ளை, மலையில் வெட்டியெடுத்த அதே பொருள். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீருக்குள் குழாய் விட்டு ஒரு பையன் மெதுவாக ஊதினான். உறிஞ்சிவிடாதே என்று நாலு தடவை சொன்ன பிறகுதான். தண்ணீர் பால் மாதிரி ஆனது. "அப்போ சுவரும் மூச்ச வாங்குமா சார்?" என்று கேட்டான். ஃபாரடே கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அதற்கு அடுத்த வாரம் குற்றாலம். இரண்டு பாட்டில் கொண்டுபோனோம். ஒன்றில் எங்கள் தெரு போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் அருவித் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டு, ஒரே எண்ணிக்கை குலுக்கல். அருவித் தண்ணீர் பாட்டில் கழுத்துவரை நுரைத்தது. போர்வெல் தண்ணீரில் நுரைக்குப் பதில் வெள்ளைத் திரி திரியாக மிதந்தது. அருவித் தண்ணீர் மலைமேல் பெய்த மழை, பாறைமேல் வேகமாக ஓடி வருகிறது, கரைத்துக்கொள்ள அவகாசம் குறைவு. போர்வெல் தண்ணீர் மண்ணுக்குள் ரொம்ப நாள் கிடந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து வைத்திருக்கிறது. அவை சோப்பைப் பிடித்துக்கொண்டு கரையாத பிசுக்காக மாற்றிவிடுகின்றன. குற்றாலத்தில் குளித்தால் தலைமுடி பஞ்சு மாதிரி இருக்கிறதே, அதன் ரகசியத்தில் பாதி இதுதான் என்றேன். "மிச்சப் பாதி?" என்றாள் ஒருத்தி. "மிளகாய் பஜ்ஜி" என்றான் இன்னொருவன்.

சரி, பரீட்சை? அதையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு எழுதலாம். அதன்பின் பத்தாம் வகுப்பு. அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்து போய்வர வேண்டும். வீட்டில் பாட்டில் குலுக்கியதற்கு யாரும் மார்க் போட மாட்டார்கள். ஆனால் அங்கே சோதனைக்குழாயைக் கையில் எடுக்கும்போது விரல் நடுங்காமல் இருக்கும், அவ்வளவு உறுதி.

மொழி விஷயத்தில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தி. இடது பக்கம் என்ன பார்த்தோம், ஏன் அப்படி என்று தமிழில், அவரவர் வீட்டுப் பேச்சில். வலது பக்கம் அதே விஷயம் ஆங்கிலத்தில், பாடப்புத்தகச் சொற்களோடு. இடது பக்கம் நிரம்பாமல் வலது பக்கம் எழுதக் கூடாது. இது ஒன்றுதான் சட்டம்.

போன வாரம் அந்தப் பெண்ணின் அப்பா அவளை அழைத்துப்போக வந்தவர், நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். சுண்ணாம்புப் பக்கம். வலது பக்கத்து ஆங்கிலத்தை முதலில் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு இடது பக்கம் போனார். அதில் ரொம்ப நேரம் நின்றார்.

"எங்கம்மா சொன்னதையெல்லாம் எழுதி வச்சிருக்கா" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. அது சரியான கெமிஸ்ட்ரிதான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை எடுக்கும்போது மட்டும் கேட்டார்: "அடுத்த வாரம் என்ன சார்?"

அடுத்த வாரம் மஞ்சள். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் ஏன் சிவக்கிறது, எலுமிச்சை பிழிந்தால் ஏன் திரும்புகிறது என்று பார்க்கப்போகிறோம். ஆச்சியையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். குங்குமம் இடித்த கை அது. எனக்குத் தெரியாத ஏதாவது ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.